சீட்டுக்கட்டில் ஐந்தாவது ராஜா

சீட்டு ஆடி ஜெயித்தால் நட்சத்திரம், அந்த நட்சத்திரத்தைக் கொடுத்தால் பாழடைந்த பங்களாவுக்கு ஒரு புது சோபா. போனில் தனியாக ஆடும் இந்த வகை இலவசச் சீட்டாட்டத்தை, அதாவது சாலிட்டேரை, பல மாதமாக ஆடி வருகிறேன். பிடித்ததும் நிறைய இருக்கிறது, வயிறு எரிவதும் இருக்கிறது. பிடித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆடுவது ட்ரைபீக்ஸ் முறை. கையில் திறந்திருக்கும் சீட்டைவிட ஒன்று கூடவோ குறையவோ உள்ள சீட்டை மேஜையிலிருந்து எடுக்கலாம். இஸ்பேட்டா ஆர்ட்டினா என்று பார்க்க வேண்டாம். ராஜாவின் மேல் ஏஸும் போகும். இவ்வளவுதான் விதி, ஆனால் யோசிக்க நிறைய இடம் உண்டு. கையில் எட்டு இருக்கிறது, மேஜையில் ஒரு ஏழும் ஒரு ஒன்பதும் கிடக்கின்றன என்று வையுங்கள். ஏழை எடுத்தால் அடியில் எதுவும் திறக்காது. ஒன்பதை எடுத்தால் இரண்டு சீட்டு திறக்கும். ஒன்பதை எடுக்கிறேன். உள்ளேயிருந்து ஒரு பத்தும் ஒரு எட்டும் வருகின்றன. பத்தைத் தொட்டால் அதற்கு மேல் வழி இல்லை. எட்டைத் தொட்டால் விட்டுவைத்த அந்த ஏழும் கிடைக்கும், அதன் பின்னால் ஓரத்தில் கிடக்கும் ஆறும் வரும். இப்படிக் கட்டிலிருந்து ஒரு சீட்டுகூட உருவாமல் வரிசையாகப் போகும் அந்த அரை நிமிடத்துக்காகவே இதை ஆடலாம். நாள் முழுக்க ஆபீஸில் பேசிப் பேசி அலுத்த தலைக்கு அது நல்ல ஓய்வு.

அலங்காரமும் எனக்குப் பிடிக்கும். மூன்று சுவர் வண்ணம் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். எதை எடுத்தாலும் ஆட்டத்தில் வித்தியாசம் கிடையாது, ஆனாலும் நான் நேரம் எடுத்துத்தான் தேர்ந்தெடுப்பேன். வாடகை வீட்டில் ஆணி அடிக்கவே ஓனரைக் கேட்க வேண்டியிருக்கிறது, இங்கே யாரையும் கேட்க வேண்டாம். என் மாமியாரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். "ஏம்மா, இவ்வளவு பெரிய கூடத்துல ஒரு ஊஞ்சல் போட வழியில்லையா?" என்று கேட்டார். இல்லைதான். கணப்பு அடுப்பு மூன்று விதமாக வருகிறது, ஊஞ்சல் ஒன்றுகூட வரவில்லை.

சரி, குறைக்கு வருகிறேன். விளம்பரத்தை நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன். இலவசமாகக் கொடுப்பவர்களுக்கும் வருமானம் வேண்டும். நெட்டை அணைத்துவிட்டு ஆடினால் என் ஆட்டத்தில் அதுவும் வருவதில்லை. என் கோபம் சீட்டுக்கட்டின் மேல்தான்.

ட்ரைபீக்ஸை 1989இல் ராபர்ட் ஹோக் உருவாக்கினார். அதில் இருப்பது ஒரே கட்டு, 52 சீட்டு. மேஜையில் 28, கையில் 24. அதனால் எண்ணி ஆடலாம். நாலு ராணியும் போய்விட்டால் இனி ராணி வராது, மிச்சமிருக்கும் ராஜாவை ஏஸால்தான் எடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே திட்டம் போடலாம். சீட்டாட்டத்தின் சாமர்த்தியமே அந்த ஞாபகம்தானே. நான் ஆடும் ஆட்டத்திலோ ஒரே சுற்றில் ஐந்தாவது ராஜா வந்து நிற்கிறான். மேஜையில் எத்தனை சீட்டு, கையில் எத்தனை என்பதும் லெவலுக்கு லெவல் மாறுகிறது. எண்ணிக்கை அங்கேயே செத்துப்போகிறது.

அப்புறம் அந்தக் கடைசி ஒற்றைச் சீட்டு. மேஜையில் ஒரே ஒரு ராஜா, கையில் திறந்திருப்பது மூன்றாம் எண் சீட்டு, கட்டு காலி. உடனே 'இன்னும் ஐந்து சீட்டு வேண்டுமா?' என்று பொத்தான் எழும்புகிறது, விலை ஆட்டத்துக்குள் சேர்க்கும் காசில். வரவேண்டியது ராணியோ ஏஸோ, அதாவது பதின்மூன்றில் இரண்டு. நன்றாகக் குலுக்கிய சீட்டில் ஐந்து உருவினால் அது கிடைக்கப் பாதிக்குச் சற்று மேல்தான் வாய்ப்பு. ஏறத்தாழ பூவா தலையா போடுகிற கதை. கிடைக்கவில்லையென்றால் அடுத்த ஐந்துக்கு விலை இன்னும் கூடுகிறது. காசு தீர்ந்ததும் நிஜப் பணத்தைக் கேட்கிறது. லெவலுக்குள் நுழையவே காசு கட்ட வேண்டியிருப்பதால், தோற்றால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

இதற்கு நான் வைத்திருக்கும் வழக்கம் இது: மேஜையில் மிச்சம் ஒரு சீட்டு இருந்து, சேர்த்துவைத்த காசும் தாராளமாக இருந்தால் ஒரு முறை மட்டும் ஐந்து சீட்டு வாங்குவேன். இரண்டாவது முறை கிடையாது. எதன்மேலும் வைக்கக்கூடிய ஜோக்கரை ஆட்டத்தின் நடுவில் தொடவே மாட்டேன். அது கடைசி ராஜாவுக்கு. காசு தீர்ந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, போனை வைத்துவிடுவேன்.

ஒரே 52 சீட்டுக் கட்டில் ஆடவிட்டு, கூடவே வீட்டையும் அலங்கரிக்கவிடும் ஆட்டம் ஏதாவது தெரிந்தால் பெயர் சொல்லுங்கள். விளம்பரம் இருந்தாலும் பரவாயில்லை. ஊஞ்சல் இருந்தால் மாமியாருக்கும் ஏற்றித் தருவேன்.