குழாயை எடுத்த பிறகும் மூக்கில் காற்று, ஏன்?

மதுரைக்காரன்:
மகளுக்கு ஏழு மாதம், ஆறு கிலோ. இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே இருந்த ஓட்டையைத் திங்கட்கிழமை அடைத்தார்கள். நேற்றுக் காலை வென்டிலேட்டர் குழாயை எடுத்துவிட்டு மூக்கில் ஹை ஃப்ளோ, அதாவது சிறு குழாய் வழியாக வேகமாகக் காற்று செலுத்தும் கருவி, வைத்தார்கள். இரண்டு கன்னத்திலும் பிளாஸ்திரி. மெஷினில் 12 லிட்டர் என்று ஓடுகிறது. இத்தனூண்டு மூக்குக்கு 12 லிட்டரா? மறுபடி குழாய் போடுவார்களோ என்று தூக்கமே இல்லை.

ஐசியு நர்ஸ்:
அண்ணா, 12 லிட்டரும் ஆக்சிஜன் இல்லை. காற்றோடு கலந்து, உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, ஈரப்படுத்தி அனுப்புவோம். கிலோவுக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு, உங்கள் பாப்பாவுக்குச் சரியாக வருகிறது. பக்கத்தில் சதவீதம் ஒன்று ஓடும், அதைப் பாருங்கள். அதுதான் ஆக்சிஜன் அளவு. நாம் சுவாசிக்கும் காற்றில் 21.

திருச்சி அம்மா:
என் பையனுக்கு ஹை ஃப்ளோ போதவில்லை, மூச்சு இழுக்கும்போது விலாவுக்கடியில் குழி விழுந்தது. ஸ்கேனில் பார்த்தால் உதரவிதானம், நுரையீரலுக்குக் கீழே மூச்சை இழுக்கும் தசை, ஒரு பக்கம் அசையவில்லை. ஆபரேஷனில் அதற்குப் போகும் நரம்பு அடிபட்டிருக்கிறது. ஒன்பது நாள் சிபாப், மூக்கு வழியாக விடாமல் அழுத்தத்தோடு காற்று கொடுப்பார்கள், தண்ணீர் பாட்டிலில் குளுகுளுவென்று குமிழி வரும். நரம்பு தானே தேறியது, குழாய் திரும்பப் போடவில்லை. மூக்கு நுனி புண்ணாகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மதுரைக்காரன்:
சதவீதம் 30. காலையில் 40 இருந்ததாம். குழி எதுவும் இல்லை. இப்போதுதான் பிளாஸ்திரியைப் பிய்க்கப் பார்த்தாள், கையில் உறை மாட்டிவிட்டார்கள்.