தாங் கால மூவண்ண கிளேஸ்: ஈயம் இல்லாமல் வழிய வைப்பது எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம். சீனாவில் தாங் வம்சக் காலத்தில் (618–907) கல்லறைக்குள் வைப்பதற்கென்றே செய்த மூவண்ண மண்ணுருவங்கள் மேல் எனக்குத் தீராத ஆசை. 728-இல் இறந்த தளபதி லியூ டிங்சுன் கல்லறையில் வைத்தவை என்று சொல்லப்படும் உருவங்கள் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அவற்றின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: செம்பு தந்த பச்சையும் இரும்பு தந்த தேன்நிறமும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கியிருக்கும். என்னைக் கேட்டால் அந்த வழிதல்தான் அழகே. மனித முகங்களில் மட்டும் கிளேஸ் (சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சு) பூசாமல் விட்டு, சுட்டபின் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள்.

அப்படி ஓட வைத்தது ஈயம். அரைத்துக் கலக்குகிறவருக்கே அது விஷம், அதனால் நான் தொடமாட்டேன்.

போரான் ஃப்ரிட் (போரான் சேர்த்து உருக்கி அரைத்த கண்ணாடித் தூள்) வைத்து, 1000 டிகிரிக்குள் இப்படி வழிகிற கிளேஸ் எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வெள்ளை மண்ணில்தான் சுடுகிறேன். எனக்கு நிறம் நன்றாக வருகிறது, ஆனால் பூசிய இடத்திலேயே நின்றுவிடுகிறது. கிளேஸ் கலவையில் களிமண்ணைக் குறைக்கலாமா, உச்ச வெப்பத்தில் கூடுதல் நேரம் வைக்கலாமா? சுட்ட துண்டின் போட்டோவோடு கலவை அளவையும் போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.