திங்கட்கிழமை பாலைவனம்

வெள்ளி, மாலை 7:12

கவிதா அக்கா: குழுவின் பெயரை மாற்றிவிட்டேன். இனி எல்லோரும் இங்கேயே பேசுங்கள். தனித்தனியாக எனக்கு அனுப்பினால் படிக்கமாட்டேன்.

கவிதா அக்கா: கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா, திங்கட்கிழமை. இனியாவுக்கு வாரம் முழுக்க லீவு. தேங்க்ஸ்கிவிங் நன்றி நாளுக்கு அப்புறம் போனால் மேற்கு வாசலில் கார் வரிசை நகரவே நகராது.

செந்தில் அத்தான்: பட்டியல் தயார். காலையில் ரையன் மவுண்டன், அப்புறம் ஹிட்டன் வேலி, பார்க்கர் டேம், ஆர்ச் ராக், ஸ்கல் ராக், சோயா கார்டன், ஃபார்ட்டிநைன் பாம்ஸ், கடைசியாக கீஸ் வியூவில் சூரிய அஸ்தமனம்.

அம்மா: சோயா தோட்டமா? பயறு போட்டிருக்கிறார்களா?

நான்: சோயா என்பது சப்பாத்திக்கள்ளிக்குச் சொந்தமான ஒரு முள்செடிம்மா. எழுதுவது வேறு மாதிரி, சொல்வது சோயா.

நிவேதா: அண்ணா, இந்தப் பட்டியலுக்கு நாலு நாள் வேண்டும். நவம்பர் கடைசியில் நாலரைக்கெல்லாம் பொழுது அடைந்துவிடும். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு வண்டி ஓட்டுகிற நேரத்தைக் கணக்கில் சேர்த்தீர்களா?

செந்தில் அத்தான்: சேர்க்கவில்லை.

அப்பா: பார்க்கர் டேம் என்றால் அணையா? பாலைவனத்தில் எதற்கு அணை?

செந்தில் அத்தான்: 1900 வாக்கில் மாடு மேய்த்தவர்கள் பாறை இடுக்கை அடைத்துக் கட்டியது மாமா. பிறகு பில் கீஸ் என்ற பண்ணைக்காரர் 1949, 50 வாக்கில் அதை இன்னும் உயர்த்தினார். மழை இல்லாத வருஷம் வறண்டு கிடக்கும்.

அப்பா: அதை அணை என்று சொல்லக்கூடாது மாப்பிள்ளை, குட்டை. முப்பத்திரண்டு வருஷம் பொதுப்பணித்துறையில் இருந்தவன் சொல்கிறேன். மிஞ்சின தண்ணீர் வழிகிற கலிங்கு இருக்கிறதா?

செந்தில் அத்தான்: தெரியவில்லை மாமா.

அப்பா: அப்படியானால் பார்த்தே ஆகவேண்டும்.

நான்: பார்க்கர் டேம் சுற்று 2 கிலோமீட்டர்கூட இல்லை, பெரும்பாலும் சமதரை. அம்மாவும் வரலாம்.

அப்பா: ரையன் மவுண்டன் எவ்வளவு?

நான்: போக வர 5 கிலோமீட்டர். ஆனால் 320 மீட்டர் ஏற்றம், நிறையக் கல்படி. உச்சி 1,663 மீட்டர் உயரம்.

அப்பா: திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு நடந்தே போனவன் நான்.

அம்மா: அது 1994இல்.

அம்மா: போன வாரம் கவிதா வீட்டு மாடிப்படி ஏறி மூச்சு வாங்கியது யார் என்று கேள்.

அப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சனி, காலை 9:40

நிவேதா: மாமா, கோபப்படாமல் கேளுங்கள். நம்மூர் வெயிலில் சட்டை நனையும், உடம்பில் தண்ணீர் போகிறது என்று தெரியும். இங்கே காற்று அவ்வளவு வறட்சி. வேர்க்க வேர்க்கக் காய்ந்துவிடும், வேர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டு நடப்போம். தலை வலிக்கும்போதுதான் தெரியும். எங்கள் எமர்ஜென்சிக்கு இப்படி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இருபது டிகிரி நாளில்கூட.

அப்பா: சரிம்மா. நீர் மாத்திரையை அன்றைக்கு மட்டும் விட்டுவிடுகிறேன். காட்டில் எங்கே ஒதுங்குவது?

நிவேதா: ஐயோ மாமா, மாத்திரையை நீங்களாக நிறுத்தக்கூடாது. நாளைக்குள் உங்கள் டாக்டரிடம் கேட்போம். தண்ணீரையும் குறைக்கக்கூடாது. நடைபாதை தொடங்குகிற இடங்களில் கழிப்பறை உண்டு. குழாய் மட்டும் இருக்காது, ஈரத்துணி எடுத்துக்கொள்வோம்.

கவிதா அக்கா: குடிக்கிற தண்ணீரும் உள்ளே கிடையாதாமே?

நான்: பூங்காவின் ஓரத்தில் சில இடங்களில் மட்டும். நடுவில் சொட்டுக்கூட இல்லை, கடையும் இல்லை, பெட்ரோலும் இல்லை. ஆளுக்கு ஒரு கேலன் குறைந்தபட்சம். ஏழு பேருக்கு 26 லிட்டருக்கு மேல். கோஸ்ட்கோவில் 40 பாட்டில் கட்டு 20 லிட்டர்தான் வரும். இரண்டு கட்டு வாங்குங்கள்.

செந்தில் அத்தான்: இரண்டா? மிஞ்சுமே.

நான்: மிஞ்சட்டும் அத்தான். போன வருஷம் நண்பர்களோடு போனபோது நானும் அப்படித்தான் பேசினேன். மதியம் இரண்டு மணிக்கு நாலு பேருக்கு அரை பாட்டில். போனில் சிக்னல் இல்லை, மேப் வெள்ளைத் தாள் மாதிரி நின்றுவிட்டது. போதாததற்குக் கெண்டைக்காலில் ஒரு சோயா உருண்டை ஒட்டிக்கொண்டது. கையால் பிடுங்கினேன், கையில் ஒட்டிக்கொண்டது. இன்னொரு கையால் எடுத்தேன், அதிலும் குத்திவிட்டது. அப்புறம்தான் ஒருவர் சீப்பை நுழைத்து நெம்பி எறிந்தார்.

அம்மா: சோயா தோட்டம் வேண்டாம். பட்டியலிலிருந்து எடு.

இனியா: ஆச்சி, அது டெடி பேர் மாதிரி இருக்கும்! டீச்சர் படம் காட்டினார்!

அம்மா: டெடி பேர் வீட்டில் மூன்று இருக்கிறது கண்ணு.

நான்: எதற்கும் அகலப்பல் சீப்பு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வேறு இடங்களிலும் இருக்கும்.

அம்மா: பேன் சீப்புதான் இருக்கிறது.

கவிதா அக்கா: என்னிடம் சிக்கெடுக்கிற சீப்பு இருக்கிறதும்மா.

சனி, மதியம் 1:05

அப்பா: ஃபார்ட்டிநைன் பாம்ஸ் என்றால் நாற்பத்தொன்பது பனையா?

நான்: பனை மாதிரிதான் அப்பா, விசிறி ஓலை. ஆனால் காய்ந்த ஓலையை உதிர்க்காது. அப்படியே கீழ்நோக்கித் தொங்கி, மரத்துக்குப் பாவாடை கட்டிய மாதிரி இருக்கும். நுங்கு கிடையாது. சின்னச் சின்னப் பழம், இந்தப் பக்கத்துப் பழங்குடி மக்களான கஹுயியா அதைச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

அப்பா: நுங்கு இல்லாத பனையா? சரி, பார்ப்போம்.

நிவேதா: அதிலும் போக வர 5 கிலோமீட்டர் இருக்கிறது மாமா. திரும்பும்போது, களைத்த நேரத்தில், மறுபடியும் ஏறவேண்டும். அதற்குப் பதில் ட்வென்டிநைன் பாம்ஸ் ஊரிலேயே ஒயாசிஸ் ஆஃப் மாரா இருக்கிறது. அதே மரம்தான். அரை மைல், சமமாகப் போட்ட பாதை. அத்தை முட்டிக்கும் தோதாக இருக்கும்.

செந்தில் அத்தான்: அந்த ஊர்ப் பெயருக்கே ஒரு கதை உண்டு மாமா. செரானோ பழங்குடி மக்களிடம் அவர்கள் வைத்தியர் சொன்னாராம், அங்கே போய்க் குடியிருங்கள், ஆண் குழந்தை பிறக்கும்போதெல்லாம் ஒரு மரம் நடுங்கள் என்று. முதல் வருஷமே 29 மரம்.

அம்மா: பெண் பிறந்தால்?

செந்தில் அத்தான்: அதைப் பற்றிக் கதையில் இல்லை அத்தை.

அம்மா: இருக்காது.

கவிதா அக்கா: ஜோஷுவா மரம் எங்கே இருக்கும்? அதைப் பார்க்கத்தானே போகிறோம்?

நான்: பார்க்கர் டேம் பக்கம் திரும்பின இடமெல்லாம் அதுதான் அக்கா. மரம் என்று பேர், உண்மையில் ஆனைக்கற்றாழைக்குச் சொந்தம். உள்ளே வளையம் கிடையாது, அதனால் எண்ணி வயசு சொல்ல முடியாது.

ஞாயிறு, இரவு 8:20

நான்: இதுதான் முடிவு. இனி யாரும் எதையும் சேர்க்கக்கூடாது, அத்தான் உட்பட. காலை எட்டரைக்கு ட்வென்டிநைன் பாம்ஸில் சந்திப்பு. எங்கள் காரை ஊரிலேயே விட்டுவிட்டு உங்கள் வேனில் ஏறிக்கொள்கிறோம். மாரா பனை பார்த்துவிட்டு வடக்கு வாசல். பத்தரைக்கு பார்க்கர் டேம். மதியச் சாப்பாடு ஹிட்டன் வேலி மேசையில்.

கவிதா அக்கா: நுழைவுக்கட்டணம் 30 டாலர் மிச்சம். நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு ஒரு வருஷத்துக்கு இலவசப் பாஸ் தருகிறது. இனியா பேரில் எடுத்து அச்சடித்துவிட்டேன். அவள் இருந்தால் வேனில் இருக்கிற எல்லோருக்கும் செல்லும்.

இனியா: எல்லோரும் எனக்கு நன்றி சொல்லவேண்டும்.

அப்பா: நன்றி தாயே.

நான்: சாப்பிட்டதும் அத்தான் என்னையும் நிவேதாவையும் ரையன் அடிவாரத்தில் விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். நீங்கள் ஹிட்டன் வேலி சுற்று, ஒரு மைல். முடியாதவர்கள் பாறை நிழலில் உட்காரலாம். இரண்டே முக்காலுக்கு நாங்கள் எங்கே இருந்தாலும் திரும்புவோம். தண்ணீர் பாதி தீர்ந்தால் அதற்கு முன்பே. நாலு மணிக்கு வேன் அடிவாரத்தில் நிற்கவேண்டும். போன் பண்ணிக் கேட்கலாம் என்று யாரும் நினைக்காதீர்கள். மேப்பை இன்றைக்கே போனில் இறக்கிவிடுங்கள்.

அப்பா: ரையனில் நானும் பாதி தூரம்?

நிவேதா: காலையில் பிரஷர் பார்ப்பேன் மாமா. அதற்கப்புறம் பேசலாம்.

அப்பா: பார்க்கர் குட்டையே போதும். கலிங்கு பார்க்க நேரம் எடுக்கும்.

அம்மா: புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், உப்பு போட்ட மோர். மோர் ஐஸ் பெட்டியில். சீப்பு பையில் வைத்தாயிற்று. ஸ்வெட்டர் யாரும் மறக்காதீர்கள், இருட்டினால் குளிருமாம்.

கவிதா அக்கா: பீனிக்ஸ் சித்தியிடம் சொல்லிவிட்டேன். ஏழு மணிக்குள் நம்மிடமிருந்து செய்தி வராவிட்டால் பூங்கா அலுவலகத்துக்குப் போன் செய்வார். மறக்காமல் வெளியே வந்ததும் சித்திக்குச் செய்தி போடவேண்டும்.

திங்கள், காலை 5:06

நான்: நாங்கள் கிளம்பிவிட்டோம்.

அப்பா: நாங்கள் நாலு மணிக்கே குளித்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறோம். மாப்பிள்ளை இன்னும் எழுந்திருக்கவில்லை.