பூச்சாடியில் பறக்கிற சின்னக் கறுப்புக் கொசு: ஒழித்தவர்களின் அனுபவங்கள் (ஒவ்வொரு பகுதியின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

விறாந்தைத் தோட்டம்:

ஐப்பசி மழை துவங்கினால் மணிபிளாண்ட், அந்தூரியம், பன்னம் வைச்சிருக்கிற வீடுகளில இந்தக் கொசுவும் துவங்கிவிடும். சாரலுக்குச் சாடியளை உள்ளுக்கு எடுப்பினம். வெயிலும் காற்றும் குறையும், தண்ணி மட்டும் கோடையில ஊத்தின அளவிலயே போகும். மேல்மண் காயாமல் கிடந்து பாசியும் பூஞ்சணமும் பிடிக்கும். கொசுவின்ர குடம்பிக்கு, அதாவது மண்ணுக்குள்ள இருக்கிற புழுப் பருவத்துக்கு, அதுதான் சாப்பாடு.

மருந்து தேட முதல் பூச்சியைச் சரியாய்ப் பாருங்கோ. உடம்பு 2–3 மில்லிமீற்றர், கறுப்பு, கால் நீளம். மண்ணுக்கு மேல ஓடித்திரியும், சாடியை அசைச்சால் தள்ளாடித் தள்ளாடிப் பறக்கும். கடிக்காது, இது நுளம்பில்லை. குளியலறைச் சுவரில சிறகு மயிரடர்ந்து முக்கோணமாய் இருக்கிறது வடிகான் ஈ. வாழைப்பழத் தட்டைச் சுத்திறது பழ ஈ, அதுக்குக் கண் சிவப்பு. இந்த ரெண்டுக்கும் பூச்சாடியில மருந்து ஊத்திப் பிரயோசனமில்லை.

செம்மண்:

ஒரு சோதனையைச் சேர்க்கிறேன். உருளைக்கிழங்கை ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் வட்டமாக வெட்டி, மண்ணோடு நன்றாக ஒட்டும்படி அழுத்தி வையுங்கள். இரண்டு நாள் கழித்துத் திருப்பிப் பாருங்கள். உடல் கண்ணாடிபோல வெள்ளையாக, தலை மட்டும் பளபளக்கும் கறுப்பாக, 6 மில்லிமீற்றர் வரை நீளமான புழுக்கள் ஒட்டியிருந்தால் ஐயமே வேண்டாம். எல்லாச் சாடியிலும் ஒரே நாளில் வைத்தால் எந்தச் சாடி ஊற்றுக்கண் என்பதும் தெரிந்துவிடும். பெரும்பாலும் ஒன்றிரண்டு சாடிகள்தான் வீடு முழுவதற்கும் கொசுவை அனுப்பிக்கொண்டிருக்கும்.

பறக்கிறதை மட்டும் கொன்றால் ஏன் தீர்வதில்லை என்பதற்கு அதன் வாழ்க்கை வட்டமே பதில். 24 பாகை வெப்பத்தில் முட்டை பொரிக்க 3 நாள், குடம்பியாக 10 நாள், கூட்டுப்புழுவாக 4 நாள். ஆக 17 நாளில் ஒரு தலைமுறை. வளர்ந்த கொசு ஒரு கிழமையளவில் இறந்துவிடும். அதற்குள் ஒரு பெண் கொசு 200 முட்டை வரை இட்டுவிடும். நுளம்புத்திரியும் ஸ்பிரேயும் மண்ணுக்குள் இருப்பதைத் தொடுவதில்லை. அதனால் எந்த வழியைப் பிடித்தாலும் ஒரு மாதத்துக்குக் குறையாமல் தொடருங்கள். இரண்டாம் கிழமையில் கொசு குறைந்ததும் நிறுத்துவதுதான் அது திரும்பி வர முதற்காரணம்.

அந்தூரியம் அக்கா:

குடம்பி இருக்கிறது மேல 5 சென்ரிமீற்றர் மண்ணுக்குள்ளதான். அந்தப் பகுதியைக் காயவிட்டால் பாதி வேலை முடிஞ்சுது. விரலை ரெண்டாவது மடிப்பு வரை விட்டுப் பாருங்கோ, ஈரம் தட்டினால் ஊத்தாதேங்கோ. மணிபிளாண்டும் ஸ்னேக் பிளாண்டும் இதைத் தாங்கும். பன்னமும் நாற்றும் தாங்காது. அதுகளுக்குக் கீழ் வழியாய்த் தண்ணி குடுக்கிறதுதான் சரி: ஒரு பேசினில 3–4 சென்ரிமீற்றர் தண்ணி விட்டு, அதுக்குள்ள சாடியை அரை மணித்தியாலம் வையுங்கோ. பிறகு தூக்கி நல்லாய் வடியவிட்டு இடத்தில வையுங்கோ. தட்டில தண்ணியை விட்டுவைக்கவே வேண்டாம். மாரியில டெங்கு நுளம்பு முட்டையிடுறதும் அந்தத் தண்ணியிலதான்.

எங்கட ஊருக்கெண்டே ஒரு விசயம் இருக்குது. சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால வாற கிணற்றுத் தண்ணியைக் கீழாலயே குடுத்துக்கொண்டு போனால் உப்பெல்லாம் மேல ஏறி வெள்ளைப் படையாய்ப் படியும், இலை நுனி கருகும். மாதத்துக்கு ஒருக்கா மழைத்தண்ணி பிடிச்சு மேலால ஊத்தி, அடித்துவாரத்தால நல்லாய் ஓடவிட்டுக் கழுவுங்கோ. கழுவின பிறகு அடுத்த தண்ணியைத் தள்ளிப்போட்டு மேல்மண்ணைக் காயவிடுங்கோ.

விறாந்தைத் தோட்டம்:

அக்கா, மணல் போடுறதைப் பற்றியும் கன பேர் கேக்கினம்.

அந்தூரியம் அக்கா:

போடலாம், ஆனால் அதை மட்டும் நம்பாதேங்கோ. குறுணிக் கல்லுப் போன்ற பருமணல் ரெண்டு சென்ரிமீற்றர் உயரத்துக்குப் போட்டால் மேல காஞ்சு கிடக்கும், முட்டையிட இடம் பிடிக்காது. நைஸ் மணல் ஈரத்தை மேல இழுத்துத் திரும்பவும் அதே கதைதான். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பு. கொசு அடித்துவாரத்தாலயும் போய்வரும், அதையும் நைலோன் வலைத்துண்டால மூடுங்கோ.

வேப்பமரத்தடி:

வேப்பெண்ணெய் ஊத்தியும் சரிவரேல்லை எண்டு சொல்லுற ஆக்களின்ர கலவையைப் பார்த்தால், எண்ணெய் தனியாய் மேல மிதக்கும். எங்கட கிணற்றுத் தண்ணியில கல்சியம் கூட. உடுப்புத் தோய்க்கிற கட்டிச் சவர்க்காரத்தைக் கரைச்சால் அது நுரைக்காமல் திரிஞ்சு போகும், எண்ணெய் கலக்காது. கலக்காத எண்ணெய் ஒரு இடத்தில சேர்ந்து வேரை மூடி அவிக்கும்.

கலக்கிற முறை இது. 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயோட 2 மில்லிலீற்றர் கோப்பை கழுவுற திரவத்தை முதல் சேர்த்து அடியுங்கோ. பால் நிறம் வந்த பிறகு ஒரு லீற்றர் இளஞ்சூட்டு மழைத்தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாய் விட்டுக் கலக்குங்கோ. 6 அங்குலச் சாடிக்கு 200 மில்லிலீற்றர் காணும். மேல்மண் காய்ஞ்சு இருக்கேக்க ஊத்துங்கோ, ஈர மண்ணில ஊத்தினால் நேரே கீழால ஓடிவிடும். கலக்கினதை அண்டைக்கே முடியுங்கோ, வைச்சால் வலு குறையும். கிழமைக்கு ஒருக்கா, நாலு தரம். வேம்பு குடம்பியை உடனே கொல்லாது, தோல் கழட்டி வளர விடாது. அதால முதல் கிழமை ஒண்டும் நடக்காத மாதிரித்தான் இருக்கும்.

எண்ணெய் இல்லையெண்டால் 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடிச்சு ஒரு லீற்றர் தண்ணியில இரவு ஊறவிட்டு, துணியில வடிச்சு ஊத்தலாம். வேப்பம்பிண்ணாக்கை மட்டும் மேல தூவிவிடாதேங்கோ. ஈரத்தில அதிலயே பூஞ்சணம் பிடிக்கும்.

செம்மண்:

பாமசியில் கிடைக்கும் 3 வீத ஐதரசன் பெரொக்சைட்டை விரும்புகிறவர்கள் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் சேர்க்க வேண்டும். 6 வீதமென்றால் ஒன்றுக்கு ஒன்பது. ஊற்றியதும் நுரைக்கும், பட்ட குடம்பி சாகும். சில மணித்தியாலத்தில் அது தண்ணீராகவும் ஒட்சிசனாகவும் பிரிந்துவிடுவதால் நாளைக்குப் பொரிக்கும் முட்டைக்கு எந்தத் தடையும் இருக்காது. மண்ணில் உள்ள நல்ல நுண்ணுயிரும் சேர்ந்து சாகும். கொசு அளவுக்கு மீறியிருந்தால் தொடக்கத்தில் ஒருமுறை, அவ்வளவே என் கருத்து.

கிடைத்தால் எல்லாவற்றிலும் சிறந்தது பி.ரி.ஐ. (பசிலஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ராயெலென்சிஸ்) என்ற பக்டீரியா. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டெடுத்தது. நுளம்புக் குடம்பிக்கும் இதுவே பாவனையில் உள்ளது. குடம்பி விழுங்கினால்தான் வேலை செய்யும், பறக்கும் கொசுவை ஒன்றும் செய்யாது. லேபிளில் ‘இஸ்ராயெலென்சிஸ்’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘குர்ஸ்டாக்கி’ என்றிருந்தால் அது இலை தின்னும் மயிர்க்கொட்டிக்கானது, இதற்கு உதவாது. லேபிள் அளவில் கரைத்து 5–7 நாளுக்கு ஒருமுறை ஊற்றுங்கள். வெளிநாட்டில் பேசப்படும் நூற்புழு முறைக்கு (குடம்பியைக் கொல்லும் நுண்ணிய புழுக்களை மண்ணில் விடுவது) மண் 15–25 பாகைக்குள் இருப்பது நல்லது. நம் வெக்கைக்கு அதில் காசைப் போட வேண்டாம். தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்தை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குள் பாவிக்காதீர்கள். ஆக்கள் படுத்தெழும்புகிற அறை அது.

விறாந்தைத் தோட்டம்:

பசளையைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. தேயிலைச் சக்கை, அரிசி கழுவின தண்ணி, வாழைப்பழத் தோல் ஊறவைச்ச தண்ணி, பாதி மக்கின மாட்டெரு: வெளியில நிக்கிற கத்தரிக்கும் மிளகாய்க்கும் நல்லது, உள்ளுக்கு நிக்கிற சாடிக்கு இது கொசுவுக்குப் பந்தி வைக்கிற மாதிரி. உள்ளுக்கு வைக்கிற சாடிக்கு ரெண்டு பங்கு தும்புத்தூள், ஒரு பங்கு பருமணல் அல்லது உமிக்கரி, ஒரு பங்கு நல்லாய் மக்கி மண்வாசம் வாற கூட்டெரு காணும். கூட்டெருவைக் கோடையிலயே தயார் பண்ணுங்கோ. லேசாய் ஈரமாக்கி, நிறமில்லாத பொலித்தீன் பையில ஒரு சாண் தடிப்புக்கு மேல போகாமல் பரப்பிக் கட்டி, முழு வெயிலில நாலு கிழமை. கறுப்புப் பொலித்தீன் அந்தளவு சூடேத்தாது.

மிளகாய் நாற்றுத் தட்டை உள்ளுக்கு வைச்சிருக்கிறவை கூடுதல் கவனம். பெரிய செடிக்கு இந்தக் குடம்பி பெரிசாய்க் கேடு செய்யாது, ஆனால் நாற்றின்ர மயிர்வேரைத் தின்னும். அடித்தண்டு அழுகி விழுற நோயையும் ஒரு தட்டில இருந்து மற்றத் தட்டுக்குக் காவும்.

வேப்பமரத்தடி:

எப்ப நிப்பாட்டுறது எண்டு கேட்டவைக்கு: மஞ்சள் ஒட்டு அட்டையைச் சாடிக்கு ஒண்டாய், மண்மட்டத்தோட வையுங்கோ. மஞ்சள் பிளாஸ்ரிக் மூடியில ஆமணக்கெண்ணெய் பூசினாலும் ஒட்டும். அட்டை கொசுவை ஒழிக்காது, கணக்குக் காட்டும். கிழமைக்கு ஒருக்கா எண்ணி, அதில திகதி எழுதி மாத்துங்கோ. ரெண்டு கிழமை ஒண்டும் ஒட்டாமல் இருந்தால் உருளைக்கிழங்கைத் திரும்பவும் வையுங்கோ. அதிலயும் புழு இல்லையெண்டால் கடைசியாய் ஒருக்கா வேப்பெண்ணெய் ஊத்தி விடலாம். பிறகு நேர்சரியில இருந்து வாற எந்தச் செடியையும் மூண்டு கிழமை விறாந்தையில தனியாய் வைச்சு, அட்டையைப் பார்த்துத்தான் உள்ளுக்கு எடுக்கோணும்.