கணக்கர் போய்விட்டார், கணினி பீரோவில் இருக்கிறது: யோசனை சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். ஈரோட்டில் துண்டு, லுங்கி மொத்த வியாபாரம் செய்கிறேன். மூன்று ஆண்டுகள் கணக்கு பார்த்தவர் போன மாதம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். திங்கட்கிழமை ஜிஎஸ்டி தளத்தைத் திறந்தால் டிஆர்சி-01சி (வரி வரவில் வித்தியாசம் இருப்பதாக வரும் அறிவிப்பு) வந்து கிடக்கிறது. விற்றவர்கள் தாக்கல் செய்ததை வைத்துத் தளமே தயாரிக்கும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் இருப்பதைவிட 1,84,000 ரூபாய் கூடுதலாக உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுத்திருக்கிறேனாம். பதில் சொல்ல 7 நாள். அதில் இரண்டு போய்விட்டன.

பில் கோப்பைப் புரட்டினேன். நூல் வாங்கியதாக ஆறு பில்கள். நான் நூலே வாங்குவதில்லை, நெய்த துணிதான். ஆறிலும் ஒரே லாரி எண். ஒரே நாளில் இரண்டு ஊர்களிலிருந்து சரக்கு ஏற்றி வந்திருக்கிறது அந்த அதிசய லாரி! கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைகளை அவரிடம் விட்டுவைத்தது என் புத்தி. அதற்காகத் திட்ட வேண்டாம், வீட்டில் போதுமான அளவு நடந்துவிட்டது.

டாலி கணக்கு மென்பொருள் இருக்கும் கணினியை அணைத்து பீரோவில் பூட்டியிருக்கிறேன். "நான் திறந்து பார்க்கிறேன் மாமா" என்ற அக்கா மகனையும் தடுத்துவிட்டேன். ஹார்டு டிஸ்கை அப்படியே நகலெடுத்து, ஹாஷ் மதிப்போடு (நகல் மாறவில்லை என்று காட்டும் எண்) பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் வாங்க வேண்டும் என்கிறார் வக்கீல்.

ஈரோடு, கோவைப் பக்கம் இதைச் செய்பவர்கள் இருக்கிறார்களா? என்னைப் போன்ற சிறு வியாபாரிக்குக் கட்டுப்படியாகுமா? தொகையை 18 சதவீத வட்டியோடு டிஆர்சி-03 என்ற தானாக முன்வந்து கட்டும் படிவத்தில் கட்டிவிட்டு, காவல்துறைப் புகாரைத் தனியாகக் கொடுக்கலாமா? கட்டினால் நானே தவறு செய்ததாக ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இப்படிச் சிக்கி மீண்டவர்கள், 01சிக்கு என்ன பதில் எழுதினீர்கள் என்று சொல்லுங்கள். சனிக்கிழமைக்குள் தெரிந்தால் நல்லது.