கண்ணை மூடும் பட்டியைப் பிய்த்து எறியும் மகள்: யாராவது உதவுங்கள்

உப்புவெளியில் இருக்கிறோம். நாலரை வயது மகளின் இடது கண் சோம்பல் கண்ணாம், அதாவது மூளை அந்தக் கண்ணைச் சரியாகப் பாவிக்காததால் பார்வை குறைவு. கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் 2 மணித்தியாலம் மூடச் சொன்னார்கள். அப்போதுதான் மூளை மற்றக் கண்ணைப் பாவிக்கப் பழகும். ஏழு வயதுக்கு முன் செய்தால் பலன் கூட. எங்களுக்கு விளங்குகிறது, பிள்ளைக்கு விளங்க வேண்டுமே! ஒட்டினதும் பிய்க்கிறாள். இந்த வெக்கையில் பசையும் நிற்காது, தோலும் சிவக்கிறது. முன்பள்ளியில் கேலி வேறு. அவள் அழுதால் அம்மம்மா உடனே கழற்றிவிடுவார், அது தனிச் சண்டை.

கண்ணாடிக்கு மேல் போடும் துணி உறை திருகோணமலை டவுனில் கிடைக்குமா? தைத்துத் தருபவர்கள் இருக்கிறார்களா? பட்டிக்குப் பதிலாக, நல்ல கண்ணின் பார்வையை மங்கச் செய்யும் அத்ரோபின் சொட்டு மருந்து பாவித்த பெற்றோர் யாராவது? அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் கேட்கத்தான்.