எலும்புத் தூள் உரத்தில் நோய்க்கிருமிப் பரிசோதனை எங்கே செய்யலாம்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். வியாசர்பாடியில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் கீரையும் கத்தரியும் வளர்க்கிறோம். அதற்காகக் கடையில் வாங்கிய எலும்புத் தூள் மூட்டையில் தயாரிப்பாளர் பெயரோ, பச்சை எலும்பா நீராவியில் வேகவைத்ததா என்ற குறிப்போ இல்லை, வாடையும் கடுமையாக இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை இவ்விரண்டையும் தனித்தனியாக வகைப்படுத்தி, முதலாவதில் குறைந்தது 20 விழுக்காடும் மற்றதில் 22 விழுக்காடும் பாஸ்பேட் இருக்க வேண்டும் என்கிறது. என் கவலை சத்தின் அளவைப் பற்றியது அல்ல. சரியாகச் சூடாக்காத எலும்பில், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி தங்கலாம். ஆந்த்ராக்ஸ் கிருமியின் வித்துகளோ இன்னும் பிடிவாதமானவை. ஐரோப்பிய ஒன்றிய விதிகளில் உள்ள ஒரு முறை, எலும்பு போன்ற விலங்குக் கழிவை 50 மில்லிமீட்டருக்கு மிகாத துண்டுகளாக்கி, 133 டிகிரி செல்சியஸுக்கு மேல், 3 பார் அழுத்த நீராவியில் 20 நிமிடம் வைக்கச் சொல்கிறது. நம் கடைத் தூள் எவ்வளவு சூட்டைப் பார்த்ததோ!

மாடியில் குழந்தைகள் விளையாடுவதால் மூட்டையைக் கட்டி வைத்திருக்கிறேன். தனிநபர் கொடுக்கும் மாதிரியில் சால்மோனெல்லா பரிசோதனை செய்யும் ஆய்வகம் மாதவரம் பக்கமோ வேறெங்கோ இருந்தால் தெரிவிக்கவும். உர ஆய்வாளரிடம் புகார் அளித்த அனுபவம் உள்ளவர்கள், ரசீது இல்லாமலும் அதை ஏற்றுக்கொள்வார்களா என்று சொன்னால் பேருதவியாக இருக்கும். கடைக்காரர் எனக்கு ரசீது தரவில்லை.